வேர்ட்பிரஸ்ஸா, விக்ஸா?

கேள்வி: எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு வெப்சைட் தொடங்குகிறோம். கூகுளில் முதலில் வர வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸ் நல்லதா?
– ஒரு ஜூனியர் வக்கீல், மதுரை

பதில்: கறுப்புக் கோட்டைத் தைத்த டெய்லரைப் பார்த்தா ஜட்ஜ் தீர்ப்பு சொல்கிறார்? கூகுளும் அப்படித்தான். விக்ஸ் வாடகை வீடு: ஒழுகினால் ஓனர் பார்த்துக்கொள்வார்; காலி செய்யும்போது சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. வேர்ட்பிரஸ் சொந்த வீடு: மூட்டை கட்டி எந்த சர்வருக்கும் போகலாம், ஆனால் அப்டேட் என்ற பூட்டை நீங்கள்தான் மாட்ட வேண்டும்.

அதற்கு முன் பார் கவுன்சில் விதி 36-ஐப் புரட்டுங்கள். வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. 2008 திருத்தம் வெப்சைட்டில் அனுமதித்தது பெயர், முகவரி, போன், இமெயில், பதிவு விவரம், படிப்பு, எந்த வகை வழக்கு என்பவற்றை மட்டுமே. விசிட்டிங் கார்டு அளவு சமாசாரம். எந்தத் தளமும் தாங்கும். அந்தக் கார்டையே போட்டோ எடுத்து ஒட்டாமல், ‘சொத்து வழக்கு, மதுரை’ என்று எழுத்தாகவே போடுங்கள். செல்போனில் சட்டென்று திறக்கட்டும்.

‘நம்பர் ஒன் வக்கீல்’ என்று மட்டும் போடாதீர்கள். கூகுளுக்கு முன்பே பார் கவுன்சில் உங்களைக் கண்டுபிடித்துவிடும்!