ஜெர்சிக்கு ஒரு நீதி

பார்சிலோனா ரசிகரைக் கேளுங்கள்: 2010 உலகக் கோப்பையை வென்றது ஸ்பெயினா? சேச்சே! இறுதியாட்டத்தில் கோல் போட்ட இனியெஸ்டா எங்கள் கிளப் பையன். 2014இல் முதல் சுற்றோடு மூட்டை கட்டியபோது மட்டும் அது ஸ்பெயின் அணி. கோல்கீப்பர் வேறு மாட்ரிட்காரர்.

குற்றவியல் சட்டத்திலோ ஆசாமி கரைகண்டவர். 2016இல் வரி ஏய்ப்புக்காக மெஸ்ஸிக்கு 21 மாதச் சிறைத் தண்டனை. பாவம், பச்சைப் பிள்ளை. அப்பா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்! நாமெல்லோரும் மெஸ்ஸிதான் என்று கிளப்பே பிரசாரம் செய்தது. வரித்துறை அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதது அவர்கள் பெருந்தன்மை. 2019இல் ரொனால்டோவுக்கு 23 மாதம். பார்த்தீர்களா, அப்பவே சொன்னேன், திருடன்!

மாட்ரிட் ரசிகருக்கும் இதே வசனம்தான், பெயர்களை மாற்றிப் படிக்கவும். இருவருமே சிறைக்குப் போகவில்லை: முதல் குற்றம், இரண்டாண்டுக்குள் தண்டனை என்றால் ஸ்பெயினில் பெரும்பாலும் நிறுத்திவைத்துவிடுவார்கள்.