பேக்கப் அண்ணாச்சி

திருநெல்வேலியில் தெருவுக்கு ஒரு பேக்கப் அண்ணாச்சி உண்டு. வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவராக இருப்பார். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் பேத்தி காதுகுத்து, குற்றாலக் குளியல், கரண்டு பில். அதைக் காபந்து பண்ண அவர் படும் பதற்றம் கூடங்குளம் அணு உலையில்கூட இருக்காது.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. வண்ணாரப்பேட்டையில் பிடித்தால் பாளையங்கோட்டை மார்க்கெட்டில்தான் விடுவார்.

"எஸ்எஸ்டி வேகந்தான் வே. கரண்டு கொடுக்காம வருஷக்கணக்கா போட்டு வச்சா உள்ள கெடக்கது அழிஞ்சாலும் அழிஞ்சிரும். ஹார்டு டிஸ்க்கு கீழ விழுந்தா போச்சு. சீடில சாயம் வெளுத்துரும்."

"கூகுள்ல 15 ஜிபி சும்மா தாரான்லா அண்ணாச்சி?"

"நம்ம வீட்டு விசேஷத்த அமெரிக்காக்காரன் எதுக்கு வே பாக்கணும்?"

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதி அவருக்கு மனப்பாடம். எங்கள் சிந்துபூந்துறை அண்ணாச்சியிடமும் பிரதி மூன்று இருந்தது, வகையும் இரண்டு. மூன்றும் ஒரே பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில், பாச்சை உருண்டையோடு. வெளியிடம் என்று அவர் சொன்னது பீரோவின் கீழ்த்தட்டை. எதையாவது திறந்து பார்த்தாரா என்றால், "தொறந்தா தேஞ்சிரும்லா!"

வெளியிட விஷயத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில்காரர்கள் விவரமானவர்கள். தாமிரபரணி ஆற்றில் வெள்ளம் வந்தால் மூலவர் முருகன் தண்ணீருக்குள் இருந்துகொள்வார். உற்சவரை மேலக்கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. பீரோவில் முதலில் முழுகியது வெளியிடம். பிறகு மற்ற தட்டுகள்.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணாச்சி டிஸ்க்குகளை மொட்டைமாடியில் வத்தலுக்குப் பக்கத்தில் காயப்போட்டார். ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டம்மாதான் பேசினாள்.

"காதுகுத்துப் படமா? மகராஜநகர் மதினி டிவில பாக்கணும்னு கேட்டா. பென்டிரைவுல போட்டுக் கொடுத்தேன்லா. அவ வீட்லதான் கெடக்கு."

"எங்கிட்டக் கேக்காம எப்படிட்டி கொடுத்த?" என்று அண்ணாச்சி பாய்ந்தாரே தவிர, போய் வாங்கி வரவில்லை. அடுத்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். இரண்டு டிஸ்க் ஒரே பெட்டிக்குள் ஓடுமாம். ஒன்று போனால் மற்றது கைகொடுக்குமாம்.

"பெட்டியோட தண்ணில போச்சுன்னா அண்ணாச்சி?"

"கடைக்காரன்ட்ட அதையும் கேட்டுட்டேன் வே. ஒரு வருஷம் வாரண்டி இருக்காம்."