லேமினேட் மேடைக்கு டைல்ஸ் போர்த்துவது

அமெரிக்கப் பழைய வீடுகளின் குளியலறையில் வாஷ்பேசினைத் தாங்கும் மேடை பார்வைக்குப் பளிங்கு, உள்ளே காகிதம். பினாலிக் பிசினில் ஊறிய பழுப்புத் தாள்களை அடுக்கி, மெலமைன் ஏற்றிய படத்தாள் ஒன்றை மேலே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்தால் லேமினேட். அதை மரத்தூள் பலகையில் ஒட்டிவிடுவார்கள். 1913இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஃபார்மைக்கா நிறுவனம் லேமினேட்டை முதலில் விற்றது மின்கருவிகளுக்குள் காப்புப் பொருளாகத்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தவரை யாரும் அதன் நிறத்தைக் குறை சொல்லவில்லை.

மேடையைப் பெயர்க்கச் சோம்பல்படுபவர்களே அதன்மேல் டைல்ஸ் ஒட்ட முன்வருகிறார்கள். முதல் நாளே அவர்கள் அலமாரிக்குள் மல்லாந்து படுத்து, துருவோடு ஒன்றிப்போன குழாய் நட்டுகளுடன் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பேசினும் குழாயும் கழன்றால்தான் பலகையின் யோக்கியதை தெரியும். தண்ணீர் குடித்த மரத்தூள் பலகை ஊறிய ரஸ்க் மாதிரி. உப்பியது பழையபடி ஆகாது. அப்படியிருந்தால் அத்தோடு இந்த யோசனையைக் கைவிட்டு, மேடையைப் பெயர்த்தே ஆகவேண்டும்.

பலகை நன்றாக இருந்தாலும், வழவழப்பான லேமினேட்டைச் சிமென்ட் கலவை பிடிக்காது. 60ஆம் நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, லேமினேட்டுக்கும் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்கிற பசையால் ஒட்டுவது ஒரு வழி. அது டப்பாவின்மேல் வைக்கும் பக்தி. கால் அங்குலச் சிமென்ட் போர்டைக் கலவை பரப்பித் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் ஒட்டுவது நம்பகமானது. முன்விளிம்பு உருண்டையாக வளைந்திருந்தால் முதலில் அறுத்தெடுக்க வேண்டும்; டைலுக்கு வளையத் தெரியாது.

முழு டைல் முன்பக்கம்; வெட்டிய துண்டு சுவரோரம், ஷாம்பு பாட்டில்களின் மறைவில். மறுநாள் இடுக்குகளில் கிரவுட் பூசலாம். மேடை சுவரைத் தொடும் கோட்டில் மட்டும் சிலிக்கோன். இரண்டும் தனித்தனியாக அசைவதால் அங்கே கிரவுட் விரிசல் விடும்.

கடைசியில் வருவது கணக்கில் எழுதாத செலவு. போர்டும் கலவையும் டைலும் சேர்ந்து மேடை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும். குழாயின் திருகு கீழே எட்டாமல் போகலாம். கழிவுக்குழாயும் பேசினைவிட்டு எட்ட நிற்கும். முன்னதற்குப் புதுக் குழாய், பின்னதற்கு நீட்டிப்புத் துண்டு. பேசின் விளிம்பில் பூசிய சிலிக்கோன் காய ஒரு நாள் வேண்டும். அதுவரை வீட்டார் சமையலறையில் பல் துலக்குவார்கள்.