வயர் ரசிகர்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் 'கேபிள்காரர்' என்றால் மாதம் பிறந்ததும் டி.வி.க்குப் பணம் வாங்க வருகிறவர். வயர் ரசிகர் வேறு ஜாதி. பாட்டு செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே கிடக்கிற ஒரு மீட்டர் வயரை ஆயுளுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பவர் அவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். நிரந்தர உத்தியோகம்: பள்ளிக்கூடம், வங்கி, அரியலூர்ப் பக்கமென்றால் சிமென்ட் ஆலை. ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். இருவர் இருந்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

இவர் வீட்டு ஹாலில் சோபா சுவரோரம் கிடக்காது, நட்டநடுவில் நிற்கும். இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் சம தூரம் வரும்படி டேப் பிடித்துப் போட்டது. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அதில் முழங்காலை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எனவே வயர் வேட்டை பஸ்ஸில் திருச்சிக்குப் போய், அங்கே மனம் நிறையாமல் சென்னை ரிச்சி தெருவில் முடியும். சிவப்பும் வெள்ளையுமாகப் பின் வைத்த சாதாரண வயரைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினாலே இவருக்கு முகம் சுளிக்கும். ஆக்சிஜன் நீக்கிய செம்பு வேண்டும், பின்னுக்குத் தங்க முலாம் வேண்டும், பாம்புச் சட்டை போலப் பின்னிய உறை வேண்டும், மேலே அம்புக்குறி வேண்டும். பாட்டின் மின்சாரம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய்வருவது. அம்பு பார்த்து நடப்பதில்லை. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சேர்த்த வயர்களில் அந்த முனையைக் காட்ட அம்பு போடுவதுண்டு, அவ்வளவுதான். வீட்டில் சொல்லும் விலையில் ஒரு சைபர் குறையும்.

வயர் வந்த அன்று இரவு தேர்வு. இளையராஜாவின் 1986-ஆம் வருஷத்து 'ஹவ் டு நேம் இட்?' சுழலும். "முன்னாடி பேஸு களி மாதிரி கெடந்துச்சு, இப்ப சோறு உதிரி உதிரியா வருது பாரு" என்பார். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே இவர் மனைவி, "ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்பார். வெங்காயம் உரிக்கிறவருக்குக் காது எப்படித் திறக்கும் என்பது இவர் கட்சி. வயரை மாற்றும்போது வால்யூமும் ஒரு நூல் ஏறிவிடுகிறது என்பதை இவர் கவனிப்பதில்லை. கொஞ்சம் சத்தம் கூடினால் எந்தப் பாட்டும் தெளிவு கூடியதாகத்தான் படும். கல்லூரியில் படிக்கும் மகன் வயரைத் தொடாமலே "மாத்திட்டேம்பா" என்று சொன்ன நாளிலும் சோறு உதிரி உதிரியாகத்தான் வந்தது.

கணக்கு அந்த அம்மாள் பக்கம். ஆம்ப்பின் நுழைவாயிலில் மின்தடை 10,000 ஓம், 47,000 ஓம் என்று நிற்கிறது. ஒரு மீட்டர் நல்ல வயரின் தடை ஒரு ஓமைக்கூட எட்டாது. வயரின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். சிக்னல் அனுப்பும் செட்டின் உள்தடையை 1,000 ஓம் என்றே வைத்தாலும் ஒலி மங்கத் தொடங்குவது 16 லட்சம் ஹெர்ட்ஸ் வாக்கில். மனிதக் காது 20,000-லேயே கடையைக் கட்டிவிடும், இவர் வயதில் அதற்கும் முன்பே. ரெக்கார்டு பிளேயர் மட்டும் விலக்கு. அதன் காந்த ஊசிச் சுருளோடு வயரின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ட்ரெபிளைக் கூட்டும், குறைக்கும். அங்கே வயரைப் பார்த்து வாங்குவது நியாயம். இவரிடம் ரெக்கார்டு பிளேயர் இருக்காது.

நிஜத்தில் காதில் விழுகிற கோளாறு ஒன்றே ஒன்று: 'ம்ம்ம்' என்று அடிக்கும் 50 ஹெர்ட்ஸ் ஹம். அதை விரட்ட மூன்று வயர் மாறியிருக்கும். கடைசியில் தெருக் கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்ட வந்த மைக் செட்காரர் தண்ணீர் குடிக்க உள்ளே வருவார். மழையில் நனைந்த வயரையும் பல்லால் சீவி, ஈயம் வைத்து ஒட்டி ஊரையே கேட்கவைக்கிறவர். பாட்டு ஓடும் கம்ப்யூட்டர் ஒரு அறை பிளக்கில், ஆம்ப் இன்னொரு அறை பிளக்கில். இரண்டு எர்த்தும் வயர் வழியே கைகோத்து வளையம் போட்டிருக்கும். "என்னண்ணே இது" என்று இரண்டையும் ஒரே பலகையில் செருகுவார். ஹம் நின்றுவிடும். (எர்த் பின்னையே பிடுங்கிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அது ஆளையே பிடுங்கிவிடும்.)

மைக் செட்காரர் சொம்பை வைத்துவிட்டுப் போனதும் வயர் ரசிகர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்பார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "புது வயரு எரநூறு மணி நேரம் ஓடிப் பழகணும்னு சொன்னேன்ல, இன்னைக்குத்தான் பழகியிருக்கு" என்பார்.