எதுக்குச் சொல்ல வர்றேன்னா...

ஆவடியில் புறப்படுகிற வண்டியில் ஜன்னலோரம் தாராளமாகக் கிடைக்கும். அவருக்கு ஜன்னல் வேண்டாம், ஆள் வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, இடமும் வலமும் ஒரு தரம் பார்ப்பார். "ஏன்னு கேட்டீங்கன்னா..." என்று ஆரம்பிப்பார்.

யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்தில் பேச முடியாமல் போனதையெல்லாம் இப்போது வட்டியோடு வசூலிக்கிறார். எங்கள் பெட்டியில் அவருக்கு 'கப்ளிங் சார்' என்று பெயர். இரண்டு பெட்டிகளைச் சேர்த்துக் கட்டுவதுதானே கப்ளிங்? இவரிடம் கப்ளிங் மட்டும் வரும், பெட்டி வராது.

"அதாவது தம்பி, எதுக்குச் சொல்ல வர்றேன்னா, ஒரு விதத்துல பாத்தீங்கன்னா, அப்படியும் சொல்ல முடியாது, இருந்தாலும் என்னன்னா..."

அன்னனூர் வந்துவிடும். விஷயம் வந்திருக்காது. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனியாக நடக்கிற சுபாவம் அதற்கில்லை என்று தொல்காப்பியர் எழுதி வைத்திருக்கிறார். பாவம், அவர் ஆவடி லோக்கலில் ஏறியதில்லை.

தப்பித் தவறி விஷயம் வந்துவிட்டால் இன்னும் ஆபத்து. "1955-ல நேரு இங்கதான் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தாரு, சோஷலிசம்னு தீர்மானமே போட்டாங்க. அதனாலதான் தம்பி எனக்கு முட்டி வலி." மாநாட்டுக்கும் முட்டிக்கும் நடுவே அந்த 'அதனால' எழுபது வருஷத்தை ஒரே எட்டில் தாண்டும். "1965-ல விஜயந்தா டேங்க் இந்த ஆவடியிலதான் வெளிய வந்துச்சு. ஆனா எங்க தெருவுக்குத் தண்ணி டேங்க் வரல பாருங்க." இதில் மட்டும் ஏதோ நியாயம் இருப்பதாக எனக்குப் படும்.

பூந்தமல்லி பஸ்ஸில் வருகிற காலேஜ் பிள்ளைகள் 'ஸோ', 'பட்', 'ஆக்சுவலி' என்று இதே வேலையைத்தான் செய்கிறார்கள். சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கடன் கேட்கப் போனால் நானும் நாலு 'வந்து' போடாமல் தொகையைச் சொன்னதில்லை.

ஒரு நாள், கொரட்டூரில் இறங்குகிற நண்பர் தம் பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி அவரிடம் விசாரித்தார். பையன் ஆவடி, கப்ளிங் சாரின் தெரு.

"பையன் தங்கம் சார். சம்பளமும் பரவாயில்ல. அவங்க அப்பாவும் இப்ப திருந்திட்டாரு."

நண்பருக்கு முகம் மாறிவிட்டது. இந்த 'உம்' இருக்கிறதே, அதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். முதலில் நிற்பது எச்சம். சொல்லாமல் விட்ட ஒன்றையும் கையைப் பிடித்து இழுத்து வருவது. அப்பாவும் திருந்தினார் என்றால், அவருக்கு முன்னால் திருந்தியது யார்?

"அப்ப பையனும் முன்னாடி...?"

"சேச்சே, பையன்மேல ஒரு குத்தமும் கிடையாது சார். ஆனா..."

பட்டரவாக்கத்தில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. அவர் ஒரு பக்கம், நண்பர் ஒரு பக்கம். அடுத்த ஸ்டேஷனில் நண்பர் அந்த 'ஆனா'வோடு இறங்கிப் போனார். 'ஆனால்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'ஆகுமானால்' என்றுதான் அர்த்தம். அன்று ராத்திரி கொரட்டூரில் அதற்கு 'ஆகவே ஆகாது' என்று அர்த்தம் பண்ணினார்கள். அத்தை குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். பெண் சாப்பிடவில்லை. சின்ன மாமா துப்பறிய ஆவடிக்குப் போய், மூன்று டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

நாலு நாள் கழித்துத்தான் கப்ளிங் சார் கையில் சிக்கினார்.

"அவங்க அப்பாவும் திருந்திட்டாருன்னீங்களே, வேற யாரு சார் திருந்தினது?"

"அவங்க அம்மாதான். ரெண்டு பேருக்கும் வாய் நிறைய வெத்தலை பாக்கு. பல் டாக்டர் திட்டினதும் அந்தம்மா விட்டாங்க, அப்புறம் அவரும் விட்டாரு."

"சரி, அந்த 'ஆனா'?"

"எந்த ஆனா?" மோட்டுவளையைப் பார்த்தார். கைப்பிடிகள் ஆடிக்கொண்டிருந்தன. "எதுக்குச் சொல்ல வந்தேன்னா... மறந்துட்டேன் சார்."

அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. மொய்க் கவரோடு மேடை ஏறிய கப்ளிங் சார், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். இருந்தாலும்..." என்றார்.

நண்பர் பாய்ந்து வந்து மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தாலி கட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.