வாய்தா வாழ்க

புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வந்த பெரியவரை வாசலோடு அனுப்பிவிட்டு, "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று கிளம்பிய மானஸ்தர்களே, உங்களுக்கு யாராவது பாராட்டு விழா எடுத்தார்களா? உங்கள் வீட்டில் ஓர் அடுப்பு அணைந்ததும் ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறது! மனு தயாரிப்பவர், டைப் அடிப்பவர், நோட்டரி, ஜெராக்ஸ் கடைக்காரர், கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் எல்லோரும் உங்கள் ரோஷத்தில் பிழைக்கிறார்கள்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் சமரசத் தீர்வு மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த இப்படியொரு மையம் இந்தியாவிலேயே அதுதான் முதல். குடும்ப நல நீதிமன்றமும் அதே வளாகத்தில்தான். பொடிநடையாகப் போய்விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்க நம் தம்பதிகளுக்கு வருஷங்கள் ஆகின்றன, இருபக்கமும் ஜூனியர் வக்கீல்கள் புடைசூழ.

இந்து திருமணச் சட்டத்தில் இரண்டு ஆறு மாதங்கள் உண்டு. விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது 21-பி பிரிவு. சண்டையே வேண்டாம், இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று வருபவர்களை ஆறு மாதம் காத்திரு என்கிறது 13-பி. இதில் எதை நாம் பயபக்தியோடு கடைப்பிடித்தோம் என்று நினைக்கிறீர்கள்? சண்டைக்காரர்களின் ஆறு மாதம் கவுண்டர் தாக்கல் செய்வதற்கே போதாது. சண்டை போடாதவர்களின் ஆறு மாதத்தை மட்டும் நாள் எண்ணி வசூலித்தோம். தேவையில்லாத இடத்தில் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சரி, மனம் முறிந்துவிட்டது, பிரிந்துவிடுகிறோம் என்று ஒருவர் மட்டும் மனுப் போடலாமா? கூடாது. அது சட்டத்தில் காரணமே இல்லை. மீளமுடியாமல் முறிந்த திருமணத்தை ஒரு காரணமாகச் சேருங்கள் என்று சட்ட ஆணையம் 1978இல் பரிந்துரைத்தது. 2009இல் மறுபடியும் சொல்லிப் பார்த்தது. சட்டப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின்படி அந்தக் காரணத்துக்காக நாங்கள் விடுவிக்கலாம் என்றது. ஆக, முறிந்தது முறிந்ததுதான் என்று ஒப்புக்கொள்ள வைக்க டில்லிவரை ரயில் ஏற வேண்டும். அதுவரை உள்ளூரில் என்ன வழி? கூட வாழ்ந்த மனுஷியைக் கொடுமைக்காரி என்று எழுது. அவளுக்கு ஒரு வியாதியைக் கண்டுபிடி. அவன் ஆண்மையைச் சந்தேகி. பத்தி பத்தியாக வார்ப்பு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும்.

அதைவிட அழகு அதே திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. "என் மனைவியைப் பிரிந்து உயிர் வாழ முடியவில்லை, சேர்த்து வையுங்கள்" என்று உருகி ஒரு மனு. உத்தரவு கிடைத்து ஒரு வருஷம் சேர்ந்து வாழாவிட்டால் அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம். காதல் கடிதம் எழுதி வெட்டிவிடும் வித்தை உலகத்தில் வேறு எங்காவது உண்டா? இதற்குள் பெண்வீட்டார் மதுரையில் ஜீவனாம்ச வழக்கு, இவர்கள் சென்னையில் பிள்ளையைக் கேட்டு கார்டியன் ஓ.பி., இரண்டுக்கும் நடுவில் இடமாற்ற மனு. ஒரே ஒரு தாலி, அரை டஜன் கேஸ் கட்டு.

இத்தனைக்கும் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே யாருக்கும் உரிமை இல்லை. நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. 1984இல் எழுதியது. இன்று அந்த வராந்தாவில் தம்பதிகளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது, அத்தனை கறுப்புக் கோட்டு. (கட்டைப் பிரிக்கும் முன்பே கட்சிக்காரரை மையத்துக்கு அனுப்பிவைக்கிற வக்கீல்களும் உண்டு. அவர்கள் இன்னும் ஸ்கூட்டரில்தான் வருகிறார்கள்.)

நீதிபதி மையத்துக்கு அனுப்பாமல் இல்லை, அனுப்புகிறார். போகிறவர்கள்தான் கோயிலில் செருப்பு விடும் இடம்போல அதைப் பாவிக்கிறார்கள். அங்கே கட்டணம் கிடையாது. பேசியதை மத்தியஸ்தர் நீதிபதியிடம்கூடச் சொல்லக் கூடாது; முடிந்தது, முடியவில்லை என்ற அளவுக்குத்தான் அறிக்கை போகும். வீடு யாருக்கு, நகை எவ்வளவு, பிள்ளை லீவுக்கு எங்கே என்று இரண்டு பேரும் மனம்விட்டுப் பேச இதைவிடப் பத்திரமான அறை இல்லை. நம் ஆள் உள்ளே போய் உட்கார்வதற்குள் வெளியே நிற்கும் தாய்மாமன் போனில் கத்துகிறார்: "ஒரு பைசா இறங்காதே!" மாமா கல்யாணத்துக்கு வைத்த மொய் ஐந்நூற்றொன்று.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சமரசம் என்றால் திரும்பக் கொண்டுபோய் அந்த வீட்டிலேயே தள்ளுவது என்று நினைக்கும் கூட்டம். காவல் நிலையத்திலிருந்து கல்யாண மண்டபம்வரை ஒரே பாட்டு: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." கையில் தழும்போடு வந்தவளிடம் இதைச் சொல்கிறவன் மத்தியஸ்தன் இல்லை, உடந்தை. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு உத்தரவு. அடித்தவனுக்கு எதிரே ஒரு நாற்காலி அல்ல. மற்றவர்களுக்கும், சேர்த்துவைக்க மட்டுமல்ல, கௌரவமாகப் பிரித்துவைக்கவும்தான் சமரச மையத்தில் மேஜை போட்டிருக்கிறது. பிரிவது என்றாலே குடும்ப மானம் போய்விடும் என்று அலறுகிறவர்களுக்கு, பெற்ற மகளின் ஒழுக்கத்தை எதிர்க்கட்சி வக்கீல் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும்போது போகாத மானம் அது என்ன மானமோ!

பிள்ளை? நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறையில், உத்தரவில் குறித்த மணி நேரத்துக்கு அப்பாவைப் பார்க்கிறது. எதிர்த்தரப்பு என்ற சொல்லை அது ஸ்கூலில் கற்கவில்லை.

கடைசியில் என்ன ஆகிறது? இருவருக்கும் முடி நரைத்து, நகை விற்று, ஒருநாள் இரு வக்கீல்களும் கை குலுக்கிக்கொண்டு, "13-பியாக மாற்றிவிடலாமா சார்" என்கிறார்கள். அதே மையம், அதே மேஜை, முதல் மாதமே எழுதியிருக்கக்கூடிய அதே இரண்டு பக்க ஒப்பந்தம். நடுவில் போன வருஷங்களுக்கு யாரிடமும் ரசீது கேட்காதீர்கள். ஃபீஸுக்கே கொடுக்கவில்லை.