மாசுபட்ட இடம், 25 மதிப்பெண்

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-இல். மறுபடி அதட்டு வாங்கிய பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2003-இல் பாடத்திட்டத்தை நீட்டியது. குறிஞ்சி பூக்கவும் அதே பன்னிரண்டு ஆண்டுதான். அது அதட்டாமலே பூக்கிறது.

அந்தப் பாடத்திட்டப்படி, பி.காம். ஆனாலும் இயற்பியல் ஆனாலும் ஐம்பது வகுப்பு. தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25. உள்ளூரில் மாசுபட்ட இடம் ஒன்றைப் பார்த்து எழுதுவதும் களப்பணியில் சேர்த்தி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து நல்லேப்பிள்ளிப் பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள். தேடி அலைய வேண்டாம். பக்கத்திலேயே பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை.

2000-இல் கோக்கோகோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதை 2003-இல் பிபிசி சொன்னது. அதற்கு முன்பே, 2002 ஏப்ரல் 22, புவி நாளன்று, உள்ளூர் ஆதிவாசிப் பெண் மயிலம்மாவும் ஊராரும் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கிவிட்டார்கள். 2004-இல் ஆலை நின்றது. யாருக்கும் கிரெடிட் கிடைக்கவில்லை.

மாணவருக்குக் கிடைக்கும். ஒருபக்க அச்சு, ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை, மூன்று பிரதி என்று அறிக்கை வைத்தால் போதும். தலைப்பு: 'காகிதச் சிக்கனமும் பிளாஸ்டிக் ஒழிப்பும்.'